அண்ணனின் படம்

மார்ச் 4

என் வாயாடி மகளுக்கு,

போனைத் தொடவே மனமில்லை, அதனால் கடிதம். உன் அண்ணன் லிஃப்டுக் குழிக்குள் விழுந்து உயிர்விட்டுக் கிடந்த படத்தை, வக்கீலுக்கென்று எடுத்ததை, நீ உலகத்துக்கே போட்டுவிட்டாயாம். மருந்துக்கடைக்காரர் போனை நீட்டி, "உங்க பையன்தானேம்மா?" என்கிறார். எடுத்துவிடு கண்ணு. நாங்களும் சும்மா இல்லை. அவனோடு வேலை பார்த்த மெக்கானிக்குகளும் நானும் முதலாளியைக் கைது செய்யச் சொல்லி தினமும் கம்பெனி வாசலில் உட்காருகிறோம். வெயில் ஏறினால் மாற்றி மாற்றி எனக்குக் குடை பிடிக்கிறார்கள். நீயும் வந்து பக்கத்தில் உட்காரேன். வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா

மார்ச் 15

அன்புள்ள அம்மா,

கோபப்படாதீர்கள். நீங்கள் வாசலில் உட்கார்ந்தால் முதலாளி பின்வாசல் வழியாகப் போய்விடுவான். பாதுகாப்பு பெல்ட் கொடுக்காமல் அண்ணனை மேலே ஏற்றிவிட்டு, "குடிச்சிட்டு வந்தான்" என்று சொன்னவன் அவன். இடுப்பில் பெல்ட் இல்லாததை அந்தப் படம்தான் காட்டுகிறது. லட்சக்கணக்கானோர் நியாயம் கேட்கிறார்கள். இப்போது எடுத்தால் எல்லாம் அடங்கிவிடும். இங்கே வேலையில் லீவு தர மாட்டோம் என்கிறார்கள். இங்கிருந்து நான் வேறென்ன செய்ய? அழுதுகொண்டுதான் செய்கிறேன் அம்மா. அண்ணியையும் பாப்பாவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வாயாடி

ஏப்ரல் 2

மகளுக்கு,

நேற்று முதலாளியைக் கைது செய்தார்கள். "எங்க திரும்பினாலும் அந்தப் படம்தான், மேலிடத்துல நெருக்குறாங்க" என்றார் இன்ஸ்பெக்டர். எங்களால் ஆகாதது உன்னால் ஆயிற்று.

அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார் என்றுதான் பாப்பாவிடம் சொல்லி வைத்திருந்தோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போனில் காட்டிவிட்டார்கள். "அப்பா கால் ஏன் அப்படி மடங்கியிருக்கு?" என்று கேட்டாள். அப்புறம் பேச்சே இல்லை. யார் தொட்டாலும் உதறுகிறாள்.

உன் அம்மா

ஏப்ரல் 11

அம்மா,

படத்தை எடுத்துவிட்டேன். மற்றவர்கள் போட்டது அப்படியே இருக்கிறது. ஒவ்வொருவரிடமும் கெஞ்சுகிறேன். "இது இப்ப உங்க அண்ணன் படம் மட்டும் இல்லைங்க" என்கிறார்கள். வேலையை விட்டுவிட்டேன். அடுத்த மாதம் வருகிறேன். பாப்பாவை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் மகள்

ஏப்ரல் 22

கண்ணு,

உன் கடிதத்தை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அவ செஞ்சது சரிதான் அத்தை. அவ இல்லேன்னா அந்த ஆளு வெளியதான் திரிஞ்சிருப்பான். ஆனா அவ முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்ல."

இந்த வீட்டில் இப்போது அவளும் பாப்பாவும்தான் என் பொறுப்பு. டிக்கெட் எடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு.

உன் அம்மா