நூற்று நாற்பத்து மூன்று நாள்

ஜூன் 3
பால் பாக்கெட்டை முழுதாகப் படித்தேன். "குளிர்ந்த இடத்தில் வைக்கவும்." அறுபத்தெட்டு வருஷமாக இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை!

ஜூன் 5
நான் படிக்க வந்த கதையை எழுத்துக்கூட்டி எழுதிவிடுகிறேன், ராத்திரி முழுக்க ஆனாலும் சரி. பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிற வேலை பார்த்தேன். எங்கள் தொழிலாளர் கூட்டுறவு வீட்டுச் சங்கம் ஒதுக்கிய வீட்டில்தான் நானும் என் மனைவியும் இருக்கிறோம். பத்திரம் மட்டும் பாக்கி. போன வருஷம் தபாலில் ஒரு காகிதம் வந்தது. வட்ட முத்திரை, பச்சை மையில் கையெழுத்து. பத்திரம்தான் என்று பெட்டியில் பூட்டி, டிப்போ முழுக்க மிட்டாய் கொடுத்தேன்.

ஆறு மாசம் கழித்து மருமகள் படித்தாள். "மாமா, இது பத்திரம் இல்ல. வீட்டை ரத்து பண்ணிட்டாங்க."

ரத்துக்குக் காரணம், எனக்கு வேறு ஊரில் சொந்த வீடு இருக்கிறதாம். எங்கே என்று சொன்னால் போய்ப் பார்த்துவிட்டாவது வருவேன்.

அப்பீல் போட அறுபது நாள்தான் கெடு. நான் போனது இருநூற்று மூன்றாம் நாள், கைநாட்டு வைத்து. முதலில் தாமதத்தை மன்னிக்க வேண்டும், அப்புறம்தான் வீட்டுப் பேச்சு என்றார் வக்கீலம்மா. மறுவாரமே முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்தேன்.

ஜூன் 9
தாமதத்துக்குக் காரணம், எனக்குப் படிக்கத் தெரியாதது. அதைத் தீர்ப்பாயத்தில் உறுதிமொழியாக எழுதிக் கேட்டார்களாம். வக்கீலம்மாவின் குமாஸ்தா மைப்பெட்டியை நீட்டினார். "உள்ள வையுங்க" என்றேன். கையெழுத்துப் போட அஞ்சு நிமிஷம். என்ன அழகு!

ஜூன் 20
தீர்ப்பாயம். சங்கத்து வக்கீல் அந்த உறுதிமொழியைத் தூக்கிக் காட்டினார். "படிக்கத் தெரியாதவராம்! கையெழுத்தைப் பாருங்க, முத்து முத்தா இருக்கு."

வீடு போச்சு என்று நினைத்தேன். முத்து முத்தா என்றதில் கொஞ்சம் சந்தோஷமும்தான்.

வக்கீலம்மா என்னை முறைத்தார். அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தார்கள். வீட்டில் என் மனைவி, "படிச்சு வீட்டைத் தொலைச்ச ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்!"

ஜூன் 21
வகுப்புக்குப் போகவில்லை. எதுக்குப் போகணும்?

ஜூன் 27
நீதிபதி என்னையே கேட்டார். "எப்பப் படிக்கக் கத்துக்கிட்டீங்க?"

"இந்தக் காகிதம் என்னன்னு தெரிஞ்சப்புறம்தாங்க."

சங்கத்தின் உத்தரவைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். ஒ... து... க்... கீ... சங்கத்து வக்கீல், "நடிக்கிறார்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நடிக்கிறதா இருந்தா வேகமா படிச்சுக் காட்டியிருப்பேனே ஐயா!" எல்லோரும் சிரித்தார்கள்.

நீதிபதி சிரிக்கவில்லை. சங்கத்தின் ஃபைலைப் புரட்டினார். "சேர்ந்த நாள்லேர்ந்து எல்லாத்துலயும் இவர்கிட்ட கைநாட்டுதானே வாங்கியிருக்கீங்க? ரத்து பண்ற கடிதத்தை மட்டும் இவரே படிச்சுக்குவார்னு எப்படி நினைச்சீங்க?"



ஜூலை 8
உத்தரவு வந்தது. மருமகள் கையை நீட்டினாள். கொடுக்கவில்லை. நானே படித்தேன். "143 நாள் தாமதம் மன்னிக்கப்படுகிறது. மேல்முறையீடு விசாரணைக்கு ஏற்கப்படுகிறது. விசாரணை முடியும்வரை சங்கம் வீட்டைக் காலி செய்யச் சொல்லக் கூடாது."

ஜெயித்துவிட்டோம் என்று இல்லை. எங்கள் பேச்சைக் கேட்கப்போகிறார்கள்.

என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "முதல்லேர்ந்து படிங்க. மெதுவாவே படிங்க."