இன்னும் ரெண்டு வருஷம்

கோபத்துல எழுதுறேன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க, சாமி புண்ணியத்துல நல்லாத்தான் இருக்கேன். உங்க மூட்டுவலி தேவலையா?

வேலைக்கு வந்து அடுத்த மாசத்தோட ரெண்டு வருஷம் முடியுது, ஊருக்குப் போறேன்னு இந்த வீட்டு ஐயாகிட்ட சொன்னேன். "உன் வீட்டுக்காரர்கிட்ட போன்ல பேசிட்டேனே. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கட்டும்னுட்டாரு"ங்கிறாரு.

"பாத்திரம் தேய்க்கிறது நான்தானே ஐயா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே"ன்னேன்.

"ஆம்பளை சொன்னா போதாதா?"ன்னு பேப்பரைப் பிரிச்சுக்கிட்டாரு.

அவர் சம்சாரம் பின்னாடியே அடுப்படிக்கு வந்து, "விடுங்கக்கா, நான் பேங்க் வேலையை விட்டதே என் மாமியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும்"னுச்சு. ரெண்டு பேரும் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சோம்.

பாஸ்போர்ட் ஐயா பீரோவுலதான் இருக்கு. நீங்களே மறுபடி போன் பண்ணி, அவ வரட்டும்னு சொல்லுங்க. நான் சொன்னா எடுபடாது. உங்க பழைய துண்டு ஒண்ணு அனுப்புங்க, தலை துவட்ட.

வீடு நல்லா நடக்குது, சாமி அலமாரியில தினம் விளக்கேத்துறேன்னு ஐயாகிட்ட சொன்னீங்களாமே, மனசு குளிர்ந்துச்சு. கூப்பிடுறாங்க, இத்தோட முடிச்சுக்கிறேன்.

அட, இப்பத்தான் ஞாபகம் வருது. அந்த அலமாரிச் சாவி நான் கிளம்பி வந்த நாள்லேர்ந்து இங்க என் பெட்டியிலதான் கிடக்கு.