ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு மூச்சு

இயேசு மரி சூசை

வங்காலை,
14.10.2025

அன்பான அத்தானுக்கு,

நானும் சின்னவளும் சுகமாக இருக்கிறோம். நீங்கள் சுகமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் "ஓம், நல்ல சுகம்" என்பீர்கள். அதை நம்புகிற காலம் ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துவிட்டது. தொலைபேசியிலேயே சண்டை பிடிக்கலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்தால் உங்களுக்கு லைன் கிளியர் இல்லாமல் போய்விடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். லீவில் வந்த உங்கள் அறைத் தோழர் முனவ்வர் வெள்ளிக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் கடைசி வரி வரைக்கும் வாசித்து முடிக்கும்வரை அவர் உங்கள் பக்கத்தை விட்டு நகரக்கூடாது என்றும் சொல்லிவிடுவேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது அவர் எருக்கலம்பிட்டியிலிருந்து உங்கள் பார்சலைக் கொண்டுவந்தார். நல்ல மனிதர். கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி, எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்து, சிரித்துச் சிரித்துச் சொல்லத் தொடங்கினார். "அக்கா, எமில் அண்ணன் ஜிம்மில விழுந்த கதை சொன்னவரா?" என்றார். நான் ஓம் என்று தலையாட்டினேன். வேறென்ன செய்வது? இல்லை என்றிருந்தால் வாயை மூடியிருப்பார்.

போன மாதம் வீடியோவில் பார்த்தபோது உங்கள் நாடியில், வாய்க்குக் கீழே நீலமாகக் கன்றியிருந்ததே, மேல் கட்டிலில் இடித்துக்கொண்டேன் என்று சொன்னீர்களே, அது எந்தக் கட்டில் அத்தான்? எண்பது கிலோக் கட்டிலா? நான் வேறு அதை நம்பி, தலைமாட்டில் ஒரு பழைய துணியைக் கட்டிவிட்டுப் படுங்கள் என்று உங்களுக்குப் புத்தி சொன்னேன். அறையில் எல்லாரும் எவ்வளவு சிரித்திருப்பீர்கள்.

முனவ்வர் சொன்னது இதுதான். கம்பனிக் குடியிருப்பில் புதிதாக ஜிம் திறந்தார்கள். நீங்கள் போனில் இரண்டு வீடியோ பார்த்தீர்கள், ஸ்குவாட் முழுவதும் படித்து முடிந்துவிட்டது. பாரக் கம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு குந்தி இருந்து எழும்புவதற்குப் படிப்பு எதற்கு, போட் எஞ்சினைத் தோளில் தூக்கிக் கடலுக்குள் நடந்தவனுக்கு இது ஒரு பாரமா என்று கேட்டீர்களாம். முதல் நாளே எண்பது கிலோ வரும்படி இரண்டு பக்கமும் பாரத் தட்டுகளைக் கொழுவினீர்களாம். எஞ்சின் தூக்கிய வலது தோள் உயர்ந்து நிற்க, கம்பி இடது பக்கம் சரிந்துதான் கிடந்ததாம். ஒருவர் சொல்லியும் கேட்கவில்லையாம். பிறகு, மூச்சை ஒரேயடியாக இழுத்து அடக்கி, விடாமல் ஐந்து தரம் இருந்து எழும்பினீர்களாம். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்களாம். ஆறாவது தரம் கண் மேலே செருகி, கம்பியோடு அப்படியே விழுந்தீர்களாம்.

கீழே இரண்டு பக்கமும் இரும்புத் தாங்கிகள் இருந்தபடியால் கம்பி அவற்றில் தடுபட்டு நின்றது. அவை இடைஞ்சல், கழற்றுங்கள் என்று நீங்கள் சொன்னதும், கேரளத்துக்காரர் ஒருவர் மறுத்ததும் கூட எனக்குத் தெரியும். முகம் தெரியாத அந்த மனிதருக்காக அன்றே மெழுகுதிரி கொளுத்தினேன். தண்ணீர் தெளித்து எழுப்பியதும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "எத்தினை முடிஞ்சுது?" என்பதாம். முனவ்வர் இதைச் சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தார். நான் மீன் வெட்டிய கத்தியைக் கீழே வைத்தேன்.

கிணற்று மோட்டார் எரிந்துவிட்டது. திங்கட்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு மன்னாருக்குப் போனேன். கம்பி சுற்றித் தர மத்தியானம் ஆகும் என்றார்கள். வெளியே வந்து பார்த்தால் எதிர்ப்பக்க மாடியில் ஜிம் என்று பலகை. எனக்கு இருந்த கோபத்தில் படியேறிவிட்டேன். நல்லவேளை, பெண்களின் நேரம். தர்ஷிகா என்று ஒரு பிள்ளைதான் பழக்குகிறவள். என் புருஷன் இப்படி ஒரு வேலை பார்த்திருக்கிறார், இதைச் சரியாகச் செய்வது எப்படி என்று சொல்லு, எழுதிக்கொண்டு போகிறேன் என்றேன். அவள், "சொல்லி விளங்காது அக்கா, செய்து பாருங்கோ" என்று என் கைப்பையை வாங்கி வைத்துவிட்டாள்.

ஆக, எட்டாம் வகுப்பில் ரீச்சர் தந்த தோப்புக்கரணத்துக்குப் பிறகு நேற்றுத்தான் உங்கள் மனைவி இருந்து எழும்பினாள். முதலில் கையில் ஒன்றுமில்லை. பின்னால் ஒரு கதிரை. அதில் பட்டும் படாமல் இருந்துவிட்டு எழும்ப வேண்டும். குதிக்கால் நிலத்தை விட்டுக் கிளம்பக் கூடாது. முழங்கால் உள்ளே மடியாமல் கால்விரல் பார்க்கிற பக்கமே போக வேண்டும். இதையே நாலு நாள் செய்யலாம், வெட்கமில்லை என்றாள். நான் மீன் பெட்டி தூக்குகிறவள் என்று பெருமையடித்தபடியால், கடைசியில் வெறும் கம்பியைத் தந்தாள். வெறும் கம்பியே இருபது கிலோ. அது பிடரி எலும்பில் அல்ல, அதற்குக் கீழே தோள் சதையில் கிடக்க வேண்டும். தாங்கிகளை, நீங்கள் இருக்கிற ஆழத்துக்குக் கொஞ்சம் கீழே பூட்ட வேண்டும். எழும்ப முடியாவிட்டால் வீரம் காட்டாமல் இன்னும் கீழே இருந்து, கம்பியைத் தாங்கியில் வைத்துவிட்டு முன்பக்கமாக வெளியே வந்துவிட வேண்டும். அதையும் என்னைக் கொண்டு இரண்டு தரம் செய்வித்தாள். விழுவதற்கே பழக்குகிறாள்! தட்டுக் கொழுவுவது பற்றி நான் கேட்டபோது, இரண்டு கிழமைக்குப் பிறகு வாருங்கோ பார்ப்போம் என்றாள். நீங்கள் இரண்டு நிமிடம் பொறுத்தீர்களா?

மூன்றாம் தரம் எழும்பும்போது அவள் முதுகில் தட்டி, "அக்கா, மூச்சு!" என்று கத்தினாள். நானும் அடக்கித்தான் வைத்திருந்தேன், எனக்கே தெரியாமல். சின்ன வயதில் அண்ணா கரையோரத் தண்ணீரில் என் தலையை அமுக்கிப் பழக்கிய பழக்கம். கடற்கரையிலிருந்து வருகிற முக்கால்வாசிப் பேரும் இதைச் செய்கிறார்கள், பாரத்தைக் கண்டதும் தண்ணீருக்குள் இறங்குவதுபோல இழுத்துப் பூட்டிவிடுகிறார்கள் என்றாள். நின்றபடி மூச்சை எடு, வயிற்றை இறுக்கு, இரு, எழும்பு, விடு. அடுத்த தரத்துக்குப் புதிய மூச்சு. இவ்வளவுதான் அத்தான். கடலடியில் மூச்சடக்கிச் சங்கு குளித்தவருக்கு இது விளங்காதா?

விளங்கும். அதுதான் எனக்கு ஆத்திரம்.

இனி எழுதுவதை முனவ்வருக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அவர் போக எழும்பியபோது இன்னொன்றும் சொன்னார். அன்று கை தட்டியவர்களிடம் நீங்கள், "இதென்ன, என்ர மச்சான் அம்புறோஸ் இதைவிட ரெண்டு மடங்கு மூச்சுப் பிடிப்பான்" என்றீர்களாம். அடிக்கடி இதையே சொல்வீர்களாம். "அந்த அம்புறோஸ் அண்ணன் இப்ப எங்க வேலை?" என்று என்னிடம் கேட்டார். கடலில் என்றேன். அவருக்கும் ஸலாம் சொல்லுங்கோ என்றுவிட்டுப் போனார்.

அம்புறோஸ் அண்ணா எங்களை விட்டுப் போய் நாலு வருடம். சங்கு குளிக்க ஒருவர் இறங்கினால் போட்டில் ஒருவர் பார்த்திருக்க வேண்டும் என்பது நீங்கள் இருவரும் வைத்த சட்டம். அன்று யார் கூடுதல் நேரம் மூச்சுப் பிடிப்பது என்று போட்டி வைத்து இருவரும் ஒன்றாக இறங்கினீர்கள். மேலே பார்க்க ஆள் இருக்கவில்லை. நீங்கள் வந்தீர்கள், அண்ணா வரும் வழியில் நினைவு தப்பினான். திரும்ப இறங்கித் தூக்கி வந்ததும் நீங்கள்தான். அதன் பிறகு நீங்கள் கடலுக்குப் போகவில்லை. கட்டார் என்றபோது நான் மறிக்காததற்குக் காரணம், அங்கே தரையில் யாரும் மூச்சடக்க மாட்டார்கள் என்ற ஒரே ஆறுதல். நீங்கள் அங்கே போயும் அவனோடு போட்டி போடுகிறீர்கள்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று நான் உங்களை ஒரு நாளும் கேட்கவில்லை, நீங்கள் ஊருக்குச் சொன்னதைக் காதில் வாங்கியதோடு சரி. கேட்காததை, உங்கள்மேல் நான் குற்றம் சுமத்துவதாக நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள் என்று இப்போது விளங்குகிறது. உண்மை அதுவல்ல. போட் கரைக்கு வந்தபோது ஊரே ஓடியது, நானும் ஓடினேன். யாரோ ஒருவரைக் கிடத்தியிருப்பது தெரிந்தது. முகம் தெரியவில்லை. அது நீங்களாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே ஓடினேன். நீங்கள் போட்டின் முன்பக்கம், அணியத்தில் எழும்பி நின்றதைக் கண்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது அத்தான். என் கூடப்பிறந்தவன் அங்கே கிடக்க, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

ஆகையால் நீங்கள் யாருக்கும் எதையும் ஈடு செய்ய வேண்டியதில்லை. ஜிம்முக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, போங்கள். வெறும் கம்பியில் தொடங்குங்கள், முனவ்வரைப் பின்னால் நிற்க விடுங்கள். மாசியில் சின்னவளுக்குப் புதுநன்மை, முதன்முதல் நற்கருணை வாங்கப் போகிறாள், அப்பா வருவார் என்று கோயில் முழுக்கச் சொல்லித் திரிகிறாள். எங்கள் கோயில் புனித ஆனாள் தாயார் உங்களைக் காப்பாற்றித் தரட்டும். அன்றைக்கு நான் வேண்டியதைத் தந்தவள் அவள், அதை நீங்கள் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள்,
றஞ்சிதா