ஒன்பதாவது கப்பலின் குரல்

கரமனை,
திருவனந்தபுரம்.
ஜூன் 12, வியாழன்

கர்த்தருக்குள் அன்பான அத்தானுக்கு,

ஷீனா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். சனிக்கிழமை கொச்சியிலிருந்து புறப்பட்டு உங்கள் கப்பலில் ஏறவரும் சஜியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்ல முடியவில்லை. அம்மா பக்கத்திலேயே நிற்கிறார்கள். உங்கள் லைனும் பாதியில் அறுந்துவிடுகிறது.

முதலில் ஒரு பொய்யைத் திருத்த வேண்டும். போன வாரம் கம்பெனி ஆபீசிலிருந்து கேப்டனுக்குப் போன் போய், வீட்டில் என்ன என்று அவர் உங்களிடம் கேட்டாரல்லவா? அம்மாவுக்குப் பிரஷர் கூடிப் பயந்துவிட்டார்கள் என்று சொன்னேன். அப்படியல்ல. காரணம் நான்.

எங்கள் ஸ்டுடியோவுக்கு ஒரு கடல் அருங்காட்சியகத்தின் வேலை வந்ததைச் சொல்லியிருந்தேன். பழைய காலத்தில் மூழ்கிய ஒன்பது கப்பல்கள் மோர்ஸில் அனுப்பிய கடைசிச் செய்திகள். வெறும் புள்ளியும் கோடும்தான். யாருடைய குரலும் அதில் கிடையாது. அவற்றை நம் மொழியில் எழுதி, கம்ப்யூட்டர் உண்டாக்கும் குரல்களில் பேசவைக்க வேண்டும். எட்டுக் கப்பல் முடித்தேன். முதலாளி மஹேஷ் சார் கேட்டுவிட்டு, தம்பானூர் ஸ்டேஷனில் வண்டி தாமதம் என்று அறிவிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். நடுக்கம் சேர்த்தேன், மூச்சிரைப்பு சேர்த்தேன். நாடகம்போல ஆனது.

ஒன்பதாவது ஒரு சின்னச் சரக்குக் கப்பல். செய்தி அனுப்பியவருக்கு முப்பத்தோரு வயது. உங்கள் வயது. அதைப் படித்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்த அன்று, நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் சேர்த்து, அந்தக் குரலிலேயே பேசும்படி கம்ப்யூட்டருக்குக் கொடுத்தேன். நாற்பது நிமிடம் இருந்தது. உங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே சரி என்றிருப்பீர்கள் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். நம் வீட்டுப் பேச்சிலேயே தட்டினேன்: "எஞ்சின் ரூமுக்குள்ள வெள்ளம் கேறிட்டு. இனி ரொம்ப நேரம் பேச முடியாது. யாருக்காவது கேக்குதா?"

ஹெட்போன் வயர் கழன்று கிடந்ததை நான் கவனிக்கவில்லை. உங்கள் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

அம்மா அடுக்களையில் சாளை நறுக்கிக்கொண்டிருந்தார்கள். என் அறைக் கதவு சாத்தியிருந்தது. உங்கள் போன் வந்திருக்கிறது, நான் மறைக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். மீன் கையோடு மழையில் அடுத்த வீட்டு அஜிதாவிடம் ஓடி, "எனக்க மொவனுக்க கப்பலு முங்குது, ஆபீசுக்கு விளி பிள்ளே" என்று கதறியிருக்கிறார்கள். அவளும் கூப்பிட்டுவிட்டாள்.

கப்பலுக்கு ஒரு கேடும் இல்லை என்று ஆபீசில் சொன்னதை அம்மா நம்பவில்லை. நான் கேட்டேனே, கேட்டேனே என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளதைச் சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். "அவனுக்க சத்தத்த உனக்கு எடுத்துத் தந்தது யாரு?" என்று மட்டும் கேட்டார்கள். உங்களிடம் கேட்காமல் எடுத்ததை ஒத்துக்கொண்டேன், அத்தான்.

அதன்பின் உங்கள் வாய்ஸ் மெசேஜ் எதையும் அவர்கள் கேட்பதில்லை. நேரில் கூப்பிட்டாலும் சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை, நாலாம் கிளாசில் நீங்கள் வளர்த்த நாய்க்கு என்ன பேர் என்று கேட்டார்களே, நீங்களும் சிரித்தீர்களே, அது இதற்குத்தான்.

அந்தக் குரலை அழித்துவிட்டேன். மஹேஷ் சாரிடமும் நடந்ததைச் சொன்னேன். ஒன்பதாவது செய்தியை என் குரலை வைத்தே செய்து கொடுத்தேன். பெண் குரலா என்று தயங்கினார், பிறகு ஏற்றுக்கொண்டார்.

பின்பக்க ஓடு ஒழுகுகிறது. நேசையன் மாமா ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். சஜியிடம் அம்மா நார்த்தங்காய் ஊறுகாயும் தந்துவிடுகிறார்கள். வெயிலில் வைக்க முடியாததால் சீக்கிரம் சாப்பிட்டுவிட வேண்டுமாம்.

எழுத உட்கார்ந்தது வேறொன்றை. சுற்றிச் சுற்றி வருகிறேன். மற்ற எட்டுக் கப்பலுக்கும் பயத்தைச் சேர்த்தது நான். உங்கள் குரலில் நான் எதையும் சேர்க்கவில்லை. அதிலிருந்த பயம், நீங்கள் அனுப்பியதிலிருந்து கம்ப்யூட்டர் தானாகக் கற்றுக்கொண்டது. அழிப்பதற்கு முன் அந்த நாற்பது நிமிடத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டேன். தனித்தனியாகக் கேட்டபோது தெரியாதது ஒன்றாகக் கேட்டதும் தெரிந்தது. பிப்ரவரிக்குப் பிறகு எல்லாமே தாழ்ந்த குரல். பதினேழு இடத்தில் "ஒண்ணுமில்ல" என்கிறீர்கள், நான் எதுவும் கேட்காத இடத்திலும். பத்திரிகையில் செங்கடலில் கப்பல்களைத் தாக்கிய செய்தி வந்தால் அம்மா பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இன்னும் நான்கு மாதம் கப்பலிலேயே இருக்கக் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னீர்கள். அதற்கு முன் இந்தக் கடிதம் கிடைக்க வேண்டும் என்றுதான் சஜியிடம் கொடுக்கிறேன். கப்பல் எந்த வழியாகப் போகிறது என்று எங்களிடம் சொல்லுங்கள். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்றே சொல்லுங்கள். நாங்கள் இரண்டு பேரும் தாங்கிக்கொள்வோம்.

காற்றையும் கடலையும் அதட்டினவர் உங்களைப் பத்திரமாக இந்த வாசலில் கொண்டுவந்து விடட்டும்.

உங்கள்
ஷீனா