மியூசியத்துச் சிவகாமி

1997 ஓகஸ்ட், செவ்வாய் இரவு. வெள்ளவத்தை.

இண்டைக்கு மழைக்கு ஒதுங்கத்தான் மியூசியத்துக்குள்ள போனனான். செக்பொயின்ரில தமிழன் எண்டு பிடிச்சுப்போடுவாங்கள் எண்ட பயத்தில, வழக்கம்போல பஸ் ஏற முந்தியே திருநீற்றைத் துடைச்சுப்போட்டன்.

பொலன்னறுவையில தோண்டியெடுத்த வெண்கலச் சிவகாமிக்கு முன்னால ஒரு சிங்கள அம்மா நிண்டா. என்னையும் சிங்களவன் எண்டு நினைச்சிட்டா.

"மாத்தயா, இது எந்தத் தெய்வம்?" எண்டு சிங்களத்தில கேட்டா.

வாசலில துவக்கோட ஆமிக்காரன். "தெரியாது" எண்டன். அதையும் சிங்களத்தில.

காலமைதான் வீட்டுச் சாமி அறையில அந்த அம்பாளைப் பாடிக் கும்பிட்டனான். அந்தக் காலத்துப் பொலன்னறுவையில புத்தருக்கும் சிவனுக்கும் பக்கத்தில பக்கத்தில கோயில் இருந்தது, சேர்ந்து வாழ்ந்த சனத்துக்கு இந்தச் சிலைகளே சாட்சி எண்டு ஒபிசில பெரிசா விளக்கம் குடுக்கிறவனும் நான்தான்.

"பரவாயில்லை மாத்தயா, பார்த்தால் தாய் மாதிரி இருக்கிறா" எண்டா அந்த அம்மா. "என்ர மகன் ஆமியில. யாழ்ப்பாணத்தில நிக்கிறான்."

செருப்பைக் கழட்டிவிட்டு, கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால கைகூப்பினா. என்ர அம்மாவும் யாழ்ப்பாணத்திலதான் இருக்கிறா. நான் சப்பாத்தோட, கையைத் தொங்கவிட்டபடி நிண்டன்.

போகேக்க, "மாத்தயாவுக்கும் சேர்த்துக் கும்பிட்டனான்" எண்டு சிரிச்சா.

பின்னேரம் சாமி அறைக்குள்ள போக மனம் வரேல்லை. விளக்கை மனுசியைக் கொளுத்தச் சொன்னன்.

"ஏனப்பா, நீங்கள்தானே எப்பவும் கொளுத்துறது?" எண்டா.

கால் நோகுது எண்டன். இந்தமுறை பொய்யைத் தமிழில சொன்னன்.