தாரோகாவுக்குப் பல் வளர்கிறது

ஜனவரி 17, வெள்ளி

மா போன் செய்தாள். அவளும் பாபாவும் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். பாபாவிடம் கொடு என்றேன். "தொண்டைக்கு ஓய்வு குடுக்கச் சொல்லியிருக்காங்க. இனிமே போன்ல பேச மாட்டாரு. குரலைப் பதிவு பண்ணி அனுப்புவாரு" என்றாள். பேசக் கூடாதவர் எப்படிப் பதிவு செய்வார் என்று கேட்டேன். "கொஞ்சம் கொஞ்சமா" என்றாள்.

பூகோள நோட்டின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். பிஷி பார்த்தால் தொலைந்தேன். பத்தாம் வகுப்பு மாத்யமிக் பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, இதில் உனக்குக் கதை கேட்கிறதா என்பாள். வளர்ந்த தம்பி என்று பாராமல் பாபாவின் காதையே இன்னும் திருகுகிற அத்தை அவள். என்னை விடுவாளா?

மீன் தொட்டி விளக்கு வெளிச்சம் போதும். தாரோகா கண்ணாடி ஓரத்துக்கு வந்து என்னையே பார்க்கிறான். ஒரு கண் என் மேல், இன்னொரு கண் பேனா மேல். அவனால் அது முடியும்.

புறப்படும்போது பாபா சொன்னது: "தண்ணிய நாக்குல வச்சுப் பாத்து ஊத்து. அவன் பல்ல மட்டும் தொடாத. நான் வந்து வெட்டுறேன்." துர்கா பூஜையிலிருந்தே குரல் கரகரவென்றுதான் இருக்கிறது. தொண்டையில் சின்னக் கட்டி, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். எல்லோரும் ஒரே மாதிரி, அதே வார்த்தைகளில் சொல்கிறார்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

ஜனவரி 21, செவ்வாய்

பாபாவின் குரல் வந்தது!

"மாம்பி, சாப்பிட்டியா? இங்க எல்லாத்துலயும் புளிம்மா. பருப்புல புளி, காயில புளி. பல்லெல்லாம் கூசுது. தாரோகா எப்படி இருக்கான்? நீ பயப்படாம படி."

மூன்று தடவை கேட்டேன். நான்காவது தடவை பிஷி போனைப் பிடுங்கிவிட்டாள். ஆனால் அவளும் சிரித்தாள். புளியை நினைத்துத்தான் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 26, ஞாயிறு

குளத்தோரம் பொறுக்கி வந்து போட்ட நத்தையைத் தாரோகா கவ்வுகிறான், துப்புகிறான், மறுபடி கவ்வுகிறான். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் வளர்ந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. வாய் திறக்கும் இடைவெளி ஒரு பச்சைப் பயறு அளவுகூட இல்லை. பேத்தை மீனுக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், நத்தை ஓட்டைக் கடித்தால்தான் தேயும். பாபாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதிலிருந்து நத்தை பொறுக்க யாரும் போனதில்லை. மூன்று மாதமாக உரித்த இறால்தான். அதனால் வந்தது.

நிமாய் காக்கு தண்ணீர் கேனோடு வந்தார். பாபாவோடு மீன் மண்டியில் ஏலம் கூவுகிறவர், எனக்குச் சித்தப்பா மாதிரி. கடல் ஓதம் ஏறும் நேரத்தில் மாத்லா ஆற்றில் மொண்டு வருகிறார். நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு அதிகம். பழஞ்சோற்றுத் தண்ணீரில் போடும் உப்பு அளவுக்கு வரும்வரை குழாய்த் தண்ணீர் கலந்தேன்.

"அப்பன மாதிரியே ஆத்தையே குடிச்சிப் பாக்குறா" என்றார் காக்கு.

"மீனுக்குப் பல் வெட்டுற வீடு இந்தக் கேனிங் ஊர்லயே நம்ம வீடு ஒன்னுதான்" என்றாள் பிஷி. "திங்கவும் முடியாது, தின்னா செத்துருவோம். இதுக்கு ஒரு ராஜ உபசாரம்."

இவனை பாபா கண்டெடுத்த நாளிலிருந்து அவள் இதையேதான் சொல்கிறாள். கழிமுகத்திலிருந்து வந்த இறால் கூடையில் வயிறு உப்பிக் கிடந்தானாம். தூக்கி எறியப் போனார்கள். முதுகில் பச்சையும் கறுப்புமாக வளையங்கள், கண்ணைச் சுற்றிச் சிவப்புக் கோடு. மண்டியில் இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்று டிபன் கேரியரில் போட்டுக் கொண்டுவந்தார் பாபா. கொல்கத்தாவிலிருந்து இரண்டு பேர் வந்து படம் எடுத்தார்கள், விலை கேட்டார்கள். பாபா கொடுக்கவில்லை. ஊதின வயிறு, உருட்டின கண், வேலை எதுவும் கிடையாது. அச்சு அசல் போலீஸ் தாரோகா என்று பெயர் வைத்துவிட்டார்.

பாபாவுக்குச் செய்தி அனுப்பினேன்: பல் ரொம்ப வளர்ந்துவிட்டது, சாப்பிட முடியவில்லை, நானே வெட்டட்டுமா?

ஜனவரி 28, செவ்வாய்

பதில் வந்தது. "தாரோகாவுக்கு நத்தை போடும்மா, நல்லாக் கடிக்கட்டும். நான் நல்லா இருக்கேன். டாக்டர் நல்ல மனுஷன்."

நான் கேட்டது என்ன, இவர் சொல்வது என்ன?

மருந்து மயக்கமாக இருக்கும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

வசந்த பஞ்சமி, சரஸ்வதி பூஜை; மஞ்சள் புடவையும் வருஷத்தின் முதல் இலந்தைப்பழமும் இன்றைக்குத்தான். புத்தகங்களை எல்லாம் தேவி காலடியில் வைத்துவிட்டோம், இன்று படிக்க வேண்டாம். காலையிலேயே குரல் வந்தது: "இன்னைக்கு மஞ்சப் புடவை கட்டினியா? இலந்தைப்பழம் தின்னாச்சா?"

அப்படியென்றால் இது இன்றைக்குப் பேசியதுதான். நான்தான் கண்டதையும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தாரோகா இறாலைக்கூட இழுத்து இழுத்துத்தான் விழுங்குகிறான். மறுபடி கேட்டு அனுப்பினேன்.

பிப்ரவரி 5, புதன்

எழுத்து கோணலாக வந்தாலும் எழுதிவிட வேண்டும்.

சாயங்காலம் கரண்ட் போனது. தொட்டியின் காற்று மோட்டார் நின்றுவிட்டது. நின்றால் தாரோகாவின் மூச்சுக்கு வழியில்லை, ஒரு குவளையில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிஷி மெழுகுவர்த்தி வாங்கப் போயிருந்தாள். இருட்டு. தனியாக ஊற்றிக்கொண்டிருந்தேன். பயமாக இருந்தது. துணைக்குப் போனை ஸ்டூலில் வைத்து பாபாவின் குரலைப் போட்டேன். புளிக் கதை.

டர்ர்ர்... டக். டர்ர்ர்... டக்.

கரண்ட் வந்துவிட்டது என்று நினைத்தேன். வரவில்லை. மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன். அசையவில்லை. சத்தம் போனுக்குள்ளிருந்து வந்தது.

அது எங்கள் மோட்டார்தான். நாலு ரப்பர் காலில் ஒன்று போய்விட்டதால் பலகையில் தட்டித் தட்டி ஓடும். அந்த 'டக்' வேறு எங்கேயும் கிடையாது. இத்தனை நாள் இங்கேயும் ஓடிக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை. எல்லாக் குரலையும் போட்டுப் பார்த்தேன். நத்தையிலும் இருக்கிறது. மஞ்சள் புடவையிலும் இருக்கிறது.

இந்த அறையில்தான் பேசியிருக்கிறார். போவதற்கு முன்னால். நான் உட்கார்ந்திருக்கும் இதே இடத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் பேசி வைத்துவிட்டு — வேலூர்ச் சாப்பாட்டை ஒரு வாய் வைக்கும் முன்னாலேயே புளிக்கிறது என்று —

அப்படியென்றால் இப்போது பாபா எங்கே? எப்படி? இருக்கிறாரா?

பிப்ரவரி 6, வியாழன்

பிஷியிடம் கேட்டேன். "பாபா உயிரோட இருக்காரா?"

கையில் இருந்த கரண்டியைக் கீழே போட்டாள். "வாயக் கழுவு. பரீட்சை வச்சுக்கிட்டுப் பேசுற பேச்சா இது?"

போன வருஷம் பக்கத்து வீட்டு ரத்னாவின் தாத்தா செத்ததை அவளுடைய கடைசிப் பரீட்சை முடிந்த பிறகுதான் சொன்னார்கள். இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நல்லதுக்குச் செய்கிறார்களாம்.

மத்தியானம் பிஷியின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சாவு என்றால் மீன் தொடக் கூடாது. கூடப் பிறந்தவள் எப்படித் தொடுவாள்? கடுகு அரைத்துப் போட்ட மீன் குழம்பு. பிஷி முள் எடுத்தாள். பிசைந்தாள். சாப்பிட்டாள். தலையையும் உறிஞ்சினாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. காரம் என்று சொன்னேன்.

ஆனால் எனக்காக இதையும் நடிப்பார்களா? குரலையே நடித்தவர்கள்.

பிப்ரவரி 7, வெள்ளி

நிமாய் காக்கு வந்தார். பிஷி குளித்துக்கொண்டிருந்தாள். நான் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு ஒரு பொய் சொன்னேன். "மா எல்லாத்தையும் சொல்லிட்டா காக்கு."

"சொல்லிட்டாளா? அப்பாடா." கேனைக் கீழே வைத்தார். "எனக்கு வயித்துல ரகசியம் எதுவும் நிக்காதும்மா, இத்தன நாளா எப்படி இருந்தேன்னு எனக்குத்தான் தெரியும். போகட்டும் விடு. குரல்வளைய எடுத்துட்டா என்ன, ஆள் முழுசா இருக்கான்ல? கழுத்துல ஓட்டை போட்டு மூச்சு விடுறான். அவன் பங்குக்கும் சேத்து மண்டியில நான் கத்துறேன்."

இருக்கிறார். பாபா இருக்கிறார். கேன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

காக்கு நிறுத்தவில்லை. "கடைசி நாள் ஏலம் விட்டான் பாரு! எல்லாருக்கும் தெரியும், இனிமே இந்தக் குரல் இல்லன்னு. பெரிய கொடுவா மீனு ஒன்னு வச்சிருந்தோம், அவன் கூவட்டும்னே. ஐஸ் உடைக்கிறவன்கூட நிறுத்திட்டு நின்னான். ஒருத்தனும் விலை கேக்கல, கேட்டா ஏலம் முடிஞ்சிருமேன்னு. நீ அன்னைக்கு எங்க போயிருந்த?"

அன்று நான் கணக்கு டியூஷனில் இருந்தேன். வேண்டாம், தலைவலி என்றேன். போய்த்தான் ஆக வேண்டும் என்று பாபாதான் அனுப்பினார்.

பிப்ரவரி 8, சனி

ஐஸ் உடைக்கிறவனுக்குத் தெரியும். மீன் வாங்க வந்தவனுக்குத் தெரியும். பிஷிக்கு, மாவுக்கு, காக்குவுக்கு, எல்லாருக்கும். அவர்களையெல்லாம் நிற்க வைத்துக் கேட்க விட்டாரே, நான் யாரு? எனக்கு மட்டும் பொய்க் குரல். "டாக்டர் நல்ல மனுஷன்." அதப் பேசி வச்சப்போ எந்த வேலூர் டாக்டரைப் பாத்திருந்தீங்க, பாபா? பஞ்சாயத்துக் குழாயடி வரைக்கும்கூட அன்னைக்குப் போகல நீங்க.

வேலூருக்குப் போகும் அன்று என் தலையில் கை வைத்து "வரேம்மா" என்றார். அதுதான் கடைசி என்று அவருக்குத் தெரியும். நான் ஜியாமெட்ரி பாக்ஸ் தேடிக்கொண்டு சரியாகத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மோட்டார் தட்டுகிற சத்தம் தாங்க முடியவில்லை. பழைய செருப்பை வெட்டி ஒரு துண்டு ரப்பரை அடியில் சொருகினேன். நின்றுவிட்டது. ஏன் இத்தனை வருஷம் யாரும் இதைச் செய்யவில்லை?

குரல் இன்றும் வந்தது. திறக்கவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

வங்க மொழிப் பரீட்சை. எழுதினேன். பிஷி தயிர்ப் பொட்டு வைத்து அனுப்பினாள். தாரோகா ஒன்றும் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

தாரோகா மூலையில் சாய்ந்து கிடந்தான். வயிறு உள்ளே ஒட்டிவிட்டது. இறால் துண்டை மூக்குக்கு நேராக நீட்டினால் பார்க்கிறான், அவ்வளவுதான். பல்லைத் தொடாதே, நான் வந்து வெட்டுகிறேன். வந்து எதை வெட்டுவீர்கள்?

மருந்துக் கடையில் பல்வலி என்று சொல்லிக் கிராம்புத் தைலம் வாங்கினேன். போன வருஷம் பாபா செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.

"என்னால முடியாது" என்றாள் பிஷி. "விஷம் அது."

"தின்னாத்தான் விஷம். நீ என்ன திங்கவா போற?"

முறைத்தாள். பிறகு புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

சின்னத் தொட்டியில் அவனுடைய தண்ணீர், மயக்கத்துக்கு இரண்டு துளி தைலம். கொஞ்ச நேரத்தில் தலை சாய்ந்தான். "செத்துட்டான்" என்றாள் பிஷி. இல்லை, செவுள் அசைந்தது. உடம்பு தண்ணீரை விட்டு வெளியே வரக் கூடாது. வந்தால் காற்றைக் குடித்து ஊதிவிடுவான், பிறகு அதை வெளியே விடத் தெரியாமலே செத்துப்போவான். ஈரத் துணியில் சுற்றி, வாய் மட்டும் மேலே தெரியும்படி பிஷி பிடித்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு பிடித்தாள். நான் நகவெட்டியை வைத்தேன். முதல் தடவை வழுக்கியது. அடுத்த தடவை டக்கென்று வெட்டுப்பட்டது. மேலே இரண்டு. கீழே இரண்டு. ரத்தம் இல்லை.

தொட்டியில் விட்டால் அசையவில்லை. கையில் தாங்கி மெதுவாகத் தண்ணீரில் முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருந்தேன். ஏய், ஏய் தாரோகா — பாபா கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. பிஷி திடீரென்று அழ ஆரம்பித்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் புரிந்தது.

ஒரு கண் உருண்டது. பிறகு இன்னொன்று.

பிப்ரவரி 14, வெள்ளி

மூன்று நத்தை தின்றான். உடைக்கிற சத்தம் அறைக்கு வெளியே கேட்டது.

பிப்ரவரி 22, சனி

பரீட்சை முடிந்தது. மா போனில் "உன்கிட்ட ஒன்னு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். "தெரியும்" என்றேன். "யாரு சொன்னா?" என்றாள். மோட்டார் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

"உன் படிப்பு கெடக் கூடாதுன்னுதான் அவரு..."

"அந்த ஊர்ச் சாப்பாடு புளிப்பா இருந்துச்சா, மா?"

"அவருக்குச் சாப்பாடே குழாய் வழியாத்தான் போச்சு" என்றாள்.

மார்ச் 4, செவ்வாய்

வந்துவிட்டார்கள்.

நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. தொட்டித் தண்ணீர் மாற்ற வேண்டும் என்றேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோதும் குவளையோடு அங்கேயே நின்றேன்.

மெலிந்துவிட்டார். கழுத்தில் வெள்ளைத் துணி கட்டியிருக்கிறார். மூச்சு அதற்குப் பின்னாலிருந்து வருகிறது, ஒரு மாதிரி ஈரச் சத்தம். கையில் சின்னப் பிள்ளைகளின் சிலேட்டு. என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தொட்டிக்கு முன்னால் குனிந்தார். தாரோகா உடனே ஓடி வந்தான். வாயைப் பார்த்தார், கிட்டப் போய்ப் பார்த்தார். எழுதினார்: யார் வெட்டியது?

"நான்."

அதன் கீழே எழுதினார்: என்னைக் கேட்டிருக்கலாமே?

"கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன். நத்தை போடுன்னு பதில் வந்துச்சு."

சிலேட்டை முழங்கையால் துடைத்தார். சாக்பீஸை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். மா சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ரிசல்ட் அன்னைக்கு அனுப்பச் சொல்லி இன்னும் ஒன்னு பேசி வச்சிருக்காரு, மாம்பி" என்றாள்.

"அனுப்பாத" என்றேன். பிறகு, "அழிச்சிராத" என்றேன்.

பாபா தொட்டிப் பலகையில் உள்ளங்கையை வைத்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார். மோட்டாரைக் காட்டி என்னைப் பார்த்துக் கையை விரித்தார்: சத்தம் எங்கே?

நான் குனிந்து செருப்புத் துண்டை உருவினேன்.

டர்ர்ர்... டக்.

அவர் தரையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். பக்கத்தில் இல்லை, தொட்டிக்கு இந்தப் பக்கம். நடுவில் தாரோகா, ஒரு கண் அந்தப் பக்கம், ஒரு கண் இந்தப் பக்கம்.

இந்த இரைச்சலில் தூக்கம் வரவில்லை என்று பிஷி இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள். ரப்பர் துண்டு அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் கிடக்கிறது. அவள் எடுத்துச் சொருகவில்லை.