ஞாயிறு காலை, குரல்பதிவு மட்டும்

7 பிப்ரவரி 2017
பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் திரும்பினோம். அப்பாவுக்குக் குரல்வளையில் புற்றுநோய். முழுக்க எடுத்துவிட்டால் பிழைப்பார். கழுத்தில் ஒரு துளை. இனி மூச்சு அந்த வழி. மருத்துவர் இதைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பேச்சு? "பழைய மாதிரி வராது."

பண்ருட்டி தாண்டியதும் அப்பா, கரகரப்பாக:
"அறுக்கல்லாம் வேணாம். கரண்டு வெச்சுப் பாக்கட்டும். அதுவும் நம்மூரு கரண்டுதான."

கதிர்வீச்சை எங்கள் நெய்வேலிப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்; மின்சாரம் எடுக்கும் ஊர். அது மட்டும் போதாது என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறார். தானே சிரித்துக்கொண்டார்.

9 பிப்ரவரி
நிலக்கரிச் சுரங்கத்தில் இருபத்திரண்டு வருடம், கான்ட்ராக்ட். கரி கொண்டுபோகும் பெல்ட்டிலிருந்து சிந்துவதை அள்ளிப்போடும் வேலை. ஷிஃப்ட் மாறும்போது கேட்டில் கோஷம் எழுப்புவது கொளஞ்சிநாதன், என் அப்பா. மைக்கைத் தொட மாட்டார். "கான்ட்ராக்ட்டைப் பெர்மனென்ட் ஆக்கு!" — முதல் வரி அவருடையது. கூட்டம் பின்னால் வரும்.

அதனால்தான் கரகரப்பை யாரும் பொருட்படுத்தவில்லை. கோஷம் போடுகிறவருக்குத் தொண்டை கட்டாதா? மூன்று மாதம் பனங்கற்கண்டு கொடுத்தோம். மூன்று மாதம்.

அம்மா சொல்கிறாள்: "ஒத்துக்கவே மாட்டன்றாருடி. நீ படிச்சவ. எடுத்துச் சொல்லு."

என் எம்.பில். தலைப்பு: நவீன கவிதையில் மௌனம். நான் என்னத்தைச் சொல்ல?

12 பிப்ரவரி
இணையத்தில் தேடினேன். ஓர் அமெரிக்கப் பக்கம்: காப்பீட்டுப் படிவங்கள். ஒரு தமிழ்ப் பக்கம்: பப்பாளி இலைச் சாறு போதுமாம். இன்னொன்றின் அடியில் ஒரு கைபேசி எண் — குரல்வளை எடுத்தவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்குமான வாட்ஸாப் குழு.

எழுதினேன். உடனே அழைப்பு வந்தது. லூசியம்மாள், காரைக்கால். கணவருக்கு இதே அறுவை ஆகி ஆறு வருடம்.

"அழுதியாம்மா? இல்லன்னா அஞ்சு நிமிசம் அழுதுட்டு வா. நான் லைன்லயே இருக்கேன். அப்பறம் பேனா எடு."

எடுத்தேன். அறையில் ஈரத்துணி தொங்கவேண்டும். குளிக்கும்போது துளைக்குள் தண்ணீர் போகக்கூடாது. "உங்க ஊரு தூசுக்கு, துளை மேல ஈரத்துணிய ரெண்டா மடிச்சுக் கட்டு." கடைசியில்: "அவரு சொல்ல வர்றத நீ முடிச்சு வைக்காத. இதான் எல்லாத்தயும்விட கஷ்டம்."

முகம் தெரியாதவள். நாற்பது நிமிடம்.

19 பிப்ரவரி, ஞாயிறு
குழுவின் விதி: ஞாயிறு காலை யாரும் தட்டச்சு செய்யக்கூடாது. குரல்பதிவு மட்டும். குரல்வளை இல்லாதவர்கள்!

முதல் பதிவை அழுத்தினேன். ஏப்பம் போல ஒன்று. ஓர் இடைவெளி. அப்புறம், தெளிவாக: "காலை... வணக்கம்." காற்றை விழுங்கி, உணவுக்குழாயிலிருந்து திருப்பி எழுப்புகிறார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விழுங்கல். மழை பெய்ததா என்று விசாரிக்கிறார்கள். பேரனுக்குப் பல் முளைத்ததைச் சொல்கிறார்கள். ஒரு தொண்டை செய்துவந்ததை வயிற்றுக்குப் போகும் பாதை கற்றுக்கொண்டிருக்கிறது. உடம்பைப் பற்றி எனக்கு என்னதான் தெரியும்?

பின்னாலிருந்து அப்பா: "டவர் இல்லியா? ஆளு தண்ணிக்குள்ளேர்ந்து பேசறாப்ல இருக்குது."

பேசுகிறவருக்குக் குரல்வளையே இல்லை என்று சொன்னேன். கைபேசியை வாங்கிக்கொண்டார். மதியச் சாப்பாடு வரை திருப்பித் தரவில்லை.

26 பிப்ரவரி, ஞாயிறு
இன்று அப்பாவே பதிவு செய்தார். "வணக்கங்க. கொளஞ்சிநாதன், நெய்வேலி. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கோஷம் போட முடியுங்களா?"

பதில் லூசியம்மாளின் கணவர் ஆரோக்கியதாஸிடமிருந்து. மீன்பிடித் தொழிலாளி. ஐம்பது நொடி, பாதி மூச்சிரைப்பு.

"முடியாதுங்க. சத்தம்... வராது. பக்கத்துல உக்காந்தா... கேக்கும். நான் கூப்புட்டா... அடுத்த படகு... திரும்பும். அது போச்சு."

எனக்கு ஆத்திரம். எல்லாம் சரியாயிடும் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

அப்பா அந்தப் பதிவை இன்னொரு முறை போட்டுக் கேட்டார்.
"மனுசன் உண்மையச் சொல்றாரு பாரு. இதுவரிக்கும் ஒருத்தராவது சொன்னீங்களா?"

கொஞ்சம் கழித்து: "டாக்டரக் கூப்புட்டு தேதி வாங்கு."

8 மார்ச்
மதியம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் தனியாகச் சுரங்கக் கேட்டுக்குப் போய்வந்தார். கடைசிக் கோஷம் போட்டாரா என்று நான் கேட்கவில்லை.

10 மார்ச்
அறுவை ஏழு மணி நேரம். துளை வழியே காற்று போய்வருகிறது. பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

21 மே
கதிர்வீச்சும் முடிந்தது. சிலேட்டில் எழுதுகிறார். "அம்மாவை" என்று எழுதியதுமே, "கூப்பிடணுமா?" என்றேன். மீதியை எழுதி முடித்து, சிலேட்டைக் குப்புறப் போட்டுவிட்டார். அரை மணி கழித்துத் திருப்பிப் பார்த்தேன்: "அம்மாவைப் பாத்துக்க. அவ தூங்கறதே இல்ல."

லூசியம்மாளுக்கு எழுதினேன். பதில்: "நானும் ரெண்டு வருசம் அந்தத் தப்பச் செஞ்சவதான்."

30 ஜூலை, ஞாயிறு
ஐந்து வாரமாகக் குழு அப்பாவுக்குக் காற்றை விழுங்கிப் பேசச் சொல்லிக்கொடுக்கிறது. ஆளுக்கொரு முதல் சொல் உண்டாம், ஆரோக்கியதாஸுடையது "காக்கா". இன்று, சோடா குடித்த பிறகு, அப்பாவின் வாயிலிருந்து: "பா."

ஓர் எழுத்து. அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். அவர் சிரித்தார், ஓசையில்லாமல். கழுத்துத் துணி மட்டும் படபடத்தது. நான் பார்த்த எதைவிடவும் பெரிது இது. எழுதத் தெரியவில்லை.

17 டிசம்பர், ஞாயிறு
ஆய்வேட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். அம்மா வந்து கதவைச் சாத்தினாள்.

"காலையிலேர்ந்து பேசிகினே இருக்காருடி. கொழம்பு கொதிச்சா ஒரு கத, பால்காரர் வந்தா ஒரு கத. என் தலையே வலிக்குது. செத்த நேரம் சும்மா இருக்கச் சொல்லு."